ஐப்பசி ராத்திரிக் கூட்டாஞ்சோறு: 18 பேர், ஒரே அண்டா, போன வருஷம் சொதப்பல். யாராவது வழி சொல்லுங்கள்

புளியரை வயக்காடு எழுதியது:

நண்பர்கள் 18 பேர் வருஷத்துக்கு ஒரு ராத்திரி கூடிச் சமைத்துச் சாப்பிடுவது என்று வைத்திருக்கிறோம். இடம் புளியரையில் ஒருவனுடைய தோப்பு. தென்னைக்கு நடுவே காய்கறி போட்டிருக்கிறான், கிணறு இருக்கிறது, ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, கரண்ட் உண்டு ஆனால் நம்ப முடியாது. பாதிப் பேர் செங்கோட்டை, தென்காசி. மீதிப் பேர் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அவர்கள் ரயிலில் வந்து செங்கோட்டையில் இறங்கிவிடுவார்கள்.

நாள் ஐப்பசி கடைசிச் சனிக்கிழமை. தள்ளிப்போட வழியில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி நாலு பேர் மாலை போடுகிறார்கள், அப்புறம் அவர்களை இந்த மாதிரிக் கூத்துக்கெல்லாம் கூப்பிட முடியாது.

ஜெர்மனியில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவன் இலையுதிர் கால விருந்து என்று மேசை நடுவில் பரங்கிக்காயை வைத்துப் படம் அனுப்பியிருந்தான். பண்ணையில் பறித்த காயை அன்றைக்கே எல்லோரும் சேர்ந்து சமைத்தார்களாம். அதைப் பார்த்ததிலிருந்து நம்மாட்களுக்கும் அதே ஆசை. நமக்கு எங்கே இலை உதிர்கிறது, ஐப்பசி என்றால் அடைமழைதான். ஆனாலும் பறித்த அன்றே சமைப்பது என்பது எனக்கும் பிடித்திருக்கிறது.

இப்போது போன வருஷக் கதை. தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள் என்று பொதுவாகச் சொன்னேன். ஏழு பேர் கத்தரிக்காய் கொண்டு வந்தார்கள். உப்பு ஒருவரும் கொண்டு வரவில்லை. சரி என்று அரிசி, துவரம்பருப்பு, காய், புளித்தண்ணீர், அரைத்த மசாலா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அண்டாவில் கொட்டி மூடினோம். ஒன்றரை மணி நேரம் எரித்தும் பருப்பு கல்லு மாதிரி கிடக்கிறது, சோறு பசை, கத்தரிக்காய் இருந்த இடத்தில் தோல் மட்டும், வாழைக்காய் கடித்தால் நறுக்கென்கிறது, அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தீய்ந்து போய்விட்டது. பத்து மணிக்கு இரண்டு பேர் பைக்கில் போய்ப் புரோட்டா வாங்கி வந்தார்கள்.

18 பேருக்கு அளவு என்ன, பருப்பு ஏன் வேகவில்லை, யாரை என்ன கொண்டு வரச் சொல்வது, மழை பிடித்தால் என்ன செய்வது? விறகடுப்புதான், கேஸ் வேண்டாம் என்று எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

குத்துப்போணி எழுதியது:

தம்பி, விறகு மேலும் குற்றமில்லை, பருப்பு மேலும் குற்றமில்லை. புளிதான். புளித்தண்ணீர் முதலிலேயே விழுந்துவிட்டால் பருப்பும் காயும் அப்படியே இறுகிக்கொள்ளும், அதற்கப்புறம் நீங்கள் விடிய விடிய எரித்தாலும் அடிதான் தீயும். பருப்பை விரலில் எடுத்தால் நசுங்க வேண்டும், வாழைக்காயில் ஈர்க்குச்சி குத்தினால் இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் புளி. இது ஒன்றை மாற்றியிருந்தாலே புரோட்டாக் காசு மிச்சம்.

எங்கள் தெருவில் கோயில் கொடைக்குச் சமைக்கிற கூட்டத்தில் வருஷக்கணக்காக நிற்கிறேன், அந்தக் கணக்கில் சொல்கிறேன். 18 பேருக்கு அரிசி ஒன்றரை கிலோ போதும். கூடப் போடாதீர்கள், காய் இருக்கிறது, அப்பளம் இருக்கிறது. அரிசியில் நாலில் ஒரு பங்கு துவரம்பருப்பு, அதாவது 375 கிராம். காய் எல்லாம் சேர்ந்து நறுக்கிய பிறகு இரண்டரை கிலோ. தேங்காய் இரண்டு, மிளகாய் வத்தல் இருபது இருபத்தைந்து, சீரகம் மூன்று தேக்கரண்டி, மஞ்சள், அரைக்கக் கால் கிலோ சின்ன வெங்காயம், முழுசாகப் போட இன்னொரு அரைக் கிலோ. புளி இரண்டு எலுமிச்சை அளவு. பாத்திரம் 20 லிட்டர் பிடிப்பதாக, அடி கனமானதாக இருக்கட்டும். வாடகைக் கடை அலுமினியப் பாத்திரம் என்றால் அடி மெல்லிசாக இருக்கும், தட்டிப் பார்த்து எடுங்கள்.

தண்ணீர் கேட்கவில்லை நீங்கள், ஆனால் அதுதான் முக்கியம். கார் பருவ நெல் அறுவடை முடிந்த நேரம், யாராவது ஒருத்தர் நம்ம வயல் அரிசி என்று பெருமையாகப் புது அரிசி தூக்கிக்கொண்டு வருவார். போன வருஷம் உங்கள் சோறு பசையானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். பழைய புழுங்கலரிசி என்றால் அரிசி பருப்பு அளந்த பாத்திரத்தால் நாலு பங்கு தண்ணீர் வாங்கும். புது அரிசிக்கு மூன்று பங்குக்கு மேல் ஊற்றினால் குழைந்துவிடும், அந்த மூன்றில் புளித்தண்ணீரும் அடக்கம். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். குறைந்தால் சேர்க்கலாம், கூடிப்போனதை எடுக்க முடியாது.

வரிசை இப்படி. ஊறவைத்த பருப்பு கொதிக்கிற தண்ணீரில் முதலில். பாதி வெந்ததும் அரிசியும், கூடவே வாழைக்காய், சேனை, சீனியவரை (கொத்தவரங்காய்), முழு வெங்காயம். அரிசி முக்கால் பதம் வரும்போது கத்தரி, பூசணி. அதற்கப்புறம் உப்பு, புளி, அரைத்த மசாலா. கடைசியாக முருங்கைக் கீரை, கை நிறைய இரண்டு தடவை. கீரை விழுந்ததும் விறகை இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் வையுங்கள், மூடி மேலேயும் கொஞ்சம் தணல் அள்ளிப் போடுங்கள். தாளிப்புக்கு நல்லெண்ணெய், கடுகு, உளுந்து, வடகம், கறிவேப்பிலை. தாளித்ததைக் கொட்டிய பிறகு மூடியைத் திறக்காதீர்கள், கால் மணி நேரம்.

அகப்பையை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றிக் கிண்டுகிற ஆள் ஒருத்தர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை அப்பளம் பொரிக்க அனுப்பிவிடுங்கள்.

நிலா முற்றம் எழுதியது:

இவ்வளவு எதற்கு? ஐந்து லிட்டர் குக்கர் மூன்று, மூன்று விசில், பத்து நிமிஷம். எல்லாரும் உட்கார்ந்து பேசலாம்.

குத்துப்போணி எழுதியது:

பேசுவதற்கு டீக்கடை போதுமே தம்பி.

கல்லடையாற்றங்கரை எழுதியது:

நான் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவள், இப்போது தென்மலை. வீட்டில் தமிழ், வெளியே இறங்கினால் மலையாளம். உங்கள் புனலூர் ஆட்களைக் கத்தரிக்காய் கொண்டு வரச் சொல்லாதீர்கள், அது உங்கள் பக்கம் மலிவு. இங்கிருந்து கப்பக் கிழங்கு (மரவள்ளி), காந்தாரி மிளகாய், சேனை, இரும்பன்புளி (பிலிம்பி என்கிற புளிப்புக்காய்) இந்த நாலும் கொண்டு வரச் சொல்லுங்கள்.

கூட்டாஞ்சோறு வெந்து இறங்க இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை 18 பேரும் பசியோடு அடுப்பைச் சுற்றி நின்றால் ஆளுக்கொரு யோசனை சொல்லியே கெடுத்துவிடுவார்கள். முதலில் கப்பையை வேகவைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், கல் உப்பு மூன்றையும் அம்மியில் நசுக்கித் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் சம்மந்தி, அதாவது துவையல், தயார், வேறு ஒன்றும் வேண்டாம். கிழங்கு மட்டும் அன்றைக்குப் பிடுங்கியதாக, மிஞ்சினால் முந்தின நாள் பிடுங்கியதாக இருக்கணும். நாள் ஆனால் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடிவிடும். தோலை உள்தோலோடு உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். கசக்கிற ஜாதிக் கிழங்கு என்றால் சாப்பிடவே வேண்டாம், அதில் விஷம் அதிகம்.

இங்கே இந்தக் கிழங்கைச் சாப்பாடாகப் பரப்பியது விசாகம் திருநாள் மகாராஜா என்பார்கள், 1880களில். அப்போது உங்கள் செங்கோட்டையும் திருவிதாங்கூர்தானே, 1956 நவம்பர் ஒன்றில்தான் உங்கள் பக்கம் வந்தது. அதனால் கப்பை எங்களுடையது என்று நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் தள்ளி வைக்கக் கூடாது.

இரும்பன்புளி பற்றி. கூட்டாஞ்சோற்றில் மாங்காய் போடுவீர்கள், ஆனால் ஐப்பசியில் மாங்காய்க்கு எங்கே போவது? அதற்குப் பதில் இதை நாலாகக் கீறி பத்துப் பதினைந்து போட்டுப் பாருங்கள், புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் புளிப்புதான், குத்துப்போணி அக்கா சொன்ன மாதிரி கடைசியில்தான் போடணும். இன்னொன்று, சமையலில் போடுவது வேறு, கொழுப்பு குறையும் என்று யாராவது சொன்னதைக் கேட்டு அதைச் சாறு பிழிந்து குடிப்பது வேறு. குடித்துச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் கேரளத்தில் உண்டு.

புளியரை வயக்காடு எழுதியது:

அக்கா இரண்டு பேருக்கும் நன்றி. புளி விஷயம் சத்தியமாகத் தெரியாது, அம்மாவிடம் கேட்டால் அது தெரியாமலா அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனே என்கிறாள். சிறுகிழங்கு போடலாமா? முருங்கைக்காய்?

பாவூர்சத்திரம் சந்தை எழுதியது:

சிறுகிழங்குக்கு மார்கழி வரணும் அண்ணாச்சி. இப்போது யாராவது விற்றால் அது போன வருஷத்து விதைக்கிழங்கு. முருங்கைக்காய் மழை தொடங்கினால் குறைந்துவிடும், விலையும் ஏறும், இலை மட்டும்தான் தாராளம். இலையிலும் இந்த மாசத்தில் கம்பளிப்பூச்சி இருக்கும், மரத்தில் ஏறுமுன் அடிமரத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், அப்பிக்கொண்டு கிடக்கும். அவரை இப்போதுதான் பூ எடுத்திருக்கும், தோட்டத்தில் முதல் பறிப்பு இருந்தால் அதிர்ஷ்டம். நம்பிப் போகலாம் என்றால் கத்தரி, சீனியவரை, பூசணி, தடியங்காய், புடலை, வாழைக்காய். வெண்டைக்காயும் நிறைய இருக்கும், ஆனால் அண்டாவுக்குள் விடாதீர்கள், வழவழத்துவிடும், தனியாக வதக்கிவிடுங்கள்.

நான் சந்தைக்குக் காய் ஏற்றுகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். சந்தைக்குப் போகிற காயை ராத்திரியோ அதிகாலையிலோ பறித்து மூட்டை கட்டிவிடுவோம், அது லாரி ஏறிப் புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கொல்லம் போய் ஒருத்தர் கூடைக்குள் விழ ஒரு நாள் ஓடிவிடும். அந்தப் பயணத்தைத் தாங்கணும் என்பதற்காகவே கத்தரிக்காயைக் கொஞ்சம் முற்றவிட்டு எடுப்போம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பிஞ்சாகப் பறியுங்கள். காம்பில் முள் குத்தணும், காயை அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போய் உடனே எழும்பணும். அழகாக, ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருப்பதைத் தேடாதீர்கள். சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே புழு, அதைப் பிளந்து பார்த்துத் தள்ளுங்கள், அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணிச் சாப்பாட்டுக்கு நாலு மணிக்குப் பறித்தால் போதும், காலையிலேயே பறித்து வைத்துவிட்டு அன்றைக்குப் பறித்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

யார் என்ன கொண்டு வருவது என்ற கேள்விக்கு என் பதில், தோட்டக்காரரைத் தவிர யாரும் காயே கொண்டு வர வேண்டாம். அக்கா சொன்ன கேரளா அயிட்டம் தவிர. மற்றவர்களுக்கு உப்பு, எண்ணெய், அப்பளம், இலை, விறகு, பாய், டார்ச் என்று பெயர் போட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். விறகு இப்போதே வாங்கிக் கொட்டகைக்குள் அடுக்கணும், அன்றைக்குக் காலையில் தேடினால் புகைதான் கிடைக்கும். சிரட்டை ஒரு சாக்கு வையுங்கள், மழையில் அதுதான் கைகொடுக்கும்.

குத்துப்போணி எழுதியது:

அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் காயே கொண்டு வராதே என்றால் அப்புறம் அது கூட்டாஞ்சோறு இல்லையே. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆளுக்கு ஒரு வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பருப்பு, இரண்டு கத்தரிக்காய் என்று மடியில் கட்டிக்கொண்டு வந்து ஆக்கியதால்தான் அந்தப் பெயர். ஆளுக்கு ஒரு காய் வரட்டும். ஒரே ஒரு காய், ஒரு கைப்பிடி. ஏழு கத்தரிக்காய் வந்தால் ஏழு காய்தானே, ஏழு கிலோ இல்லையே.

பாவூர்சத்திரம் சந்தை எழுதியது:

இது நல்ல யோசனை. தோற்றுப் போனேன்.

வடகரை மழை எழுதியது:

ஈசல் பற்றி யாருமே சொல்லவில்லையே. ஐப்பசியில் மழை விட்ட சாயங்காலம், தோப்பு, ஒரே ஒரு பல்பு. அண்டாவுக்கு மேலே பல்பைத் தொங்கவிட்டால் கூட்டாஞ்சோற்றில் ஈசல்தான் தாளிப்பு. அடுப்பிலிருந்து இருபது அடி தள்ளி பல்பைக் கட்டி, அதற்கு நேர் கீழே ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், எல்லாம் அங்கே போய் விழும். அடுப்புக்குப் பக்கத்தில் டார்ச் போதும். எங்கள் தாத்தா அந்த ஈசலை வறுத்துப் பொரியோடு தின்பார், அது வேறு கதை.

புளியரை வயக்காடு எழுதியது:

முடிந்துவிட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

மூன்றரைக்கே மழை. பறிக்கப் போனவர்கள் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பறித்தார்கள். ஆளுக்கு ஒரு காய் என்றதும் ஒவ்வொருவனும் என்னமோ போட்டிக்குக் கொண்டு வருகிற மாதிரி வந்தான், ஒருத்தன் வீட்டு மாடியில் காய்த்த ஒற்றைக் கத்தரிக்காயைக் கர்ச்சீப்பில் சுற்றி எடுத்து வந்தான், அவன் பெண்டாட்டி பறிக்கவே விடவில்லையாம். வாழைக்காய் நறுக்கியவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டார்கள், இன்று வரைக்கும் நகக்கண் கறுப்பாகத்தான் இருக்கிறது.

அரிசி விஷயத்தில் குத்துப்போணி அக்கா ஜோசியக்காரி. தோப்புக்காரன் அப்பா அம்பை 16, நம்ம கார் அரிசி, போன வாரம்தான் ஆலையில் அரைத்தது என்று சாக்கோடு கொண்டு வந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மூன்று பங்குதான் தண்ணீர், அதையும் பயந்து பயந்து ஊற்றினேன். புளியைப் போடவிடாமல் அண்டா பக்கத்திலேயே ஒரு ஆள் காவல். ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி அந்த வாழைக்காய்த் துண்டே சல்லடையாகிவிட்டது, ஆனால் இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள், அப்படி ஒரு பைத்தியக்காரத்தனம்.

கப்பையும் காந்தாரியும் பெரிய உதவி. ஆறரை மணிக்கு வாழையிலைக் கிழிசலில் ஆளுக்கு நாலு துண்டு, மேலே அந்த சம்மந்தி. கொட்டகைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பேசினாலே கேட்கவில்லை, காரத்துக்கு எல்லோரும் ஸ்ஸ் ஸ்ஸ் என்றது மட்டும் தெரிந்தது. அண்டாப் பக்கம் ஒருத்தன் வரவில்லை.

மூடியைத் திறந்தபோது எட்டே கால். முருங்கைக் கீரையும் தேங்காயும் வடகமும் கலந்த அந்த ஆவி முகத்தில் அடித்தது, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பருப்பு கரைந்து அரிசியோடு ஒட்டியிருந்தது, கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே இருந்தது. குறை என்றால் உப்பு ஒரு கல் குறைவு, புளிப்பும் கொஞ்சம் தூக்கல், இரும்பன்புளியைப் பதினைந்துக்குப் பதில் இருபத்தைந்து போட்டுவிட்டோம், புளியையும் குறைக்க மறந்துவிட்டோம். அடியில் லேசாகப் பிடித்தது, அந்தக் காந்தலுக்குத்தான் சண்டை. 18 பேர் சாப்பிட்டு மூன்று பேருக்கான சோறு மிஞ்சியது, தேங்காய் அரைத்தது தங்காது என்று தோப்புக்குக் காவல் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு அன்றைக்கே கொடுத்துவிட்டோம்.

ஈசல் வந்தது. தண்ணீர்ப் பாத்திரம் நிரம்பிவிட்டது. ஒன்றிரண்டு தப்பி இலையில் விழுந்ததை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம், இருட்டில் தெரியாமல் போனது எத்தனையோ.

ரயிலை விட்டுவிட்டு புனலூர் ஆட்கள் கொட்டகையிலேயே படுத்துவிட்டார்கள். ஒருத்தன் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து காந்தல் மீதி இருக்கிறதா என்று அண்டாவைச் சுரண்டிய சத்தத்தில் எல்லோரும் முழித்தோம்.

கல்லடை அக்காவிடம் ஒன்று கேட்கணும். அந்த இரும்பன்புளி மரம் ஒன்று தோப்பில் வைக்கணும் என்று தோப்புக்காரன் ஆசைப்படுகிறான். பதியன் போடணுமா, விதையிலேயே வருமா?

கல்லடையாற்றங்கரை எழுதியது:

விதையே போதும். காய் பச்சை மாறி மஞ்சளாகி உதிரும், அதில் எடுத்துக் காயவிடாமல் உடனே ஊன்றிவிடுங்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், காய்க்கத் தொடங்கினால் கீழே கூட்டித் தள்ளி மாளாது, அதனால் கிணற்றை ஒட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள்.